பூனையின் வலது காது

கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றின் கடைசியில், ரயில் பாதையைப் பார்த்தபடி நிற்கும் பழைய அடுக்குமாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். மொழிபெயர்ப்பு என் தொழில். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, விவாகப் பதிவு என்று ஆட்கள் கொண்டுவருவதை ஆங்கிலத்துக்கு மாற்றி முத்திரை குத்திக் கொடுப்பேன். வீட்டிலிருந்தே செய்கிற வேலை. கணவரைப் பிரிந்து கனகாலம். பிள்ளைகள் இல்லை. என்னோடு இருந்தது ஒரு பூனைதான்.

அது கொட்டாஞ்சேனைப் பூனை; நகரின் மறுகோடியில் அம்மா வளர்த்தது. அம்மா இறந்த பிறகு அவர் இருந்த வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தபோது, மஞ்சளும் வெள்ளையுமான அந்தக் கடுவனை ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் அடைத்து, திரீவீல் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். காலி நகருக்குப் போகும் பெருவீதி முழுக்கக் கத்திக்கொண்டே வந்தான். அம்மா அவனைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். நானும் அதையே வைத்துக்கொண்டேன்.

கொட்டாஞ்சேனையில் கூரை கூரையாகத் திரிந்தவனுக்கு மாடி வீடு ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. பல்கனிச் சுவருக்கு வெளியே ஒரு பாதம் அகலத்துக்கு விளிம்பு ஒன்று ஓடுகிறது. வந்த கிழமையே அதில் இறங்கி நடந்தான். நான் சுவரைப் பிடித்தபடி அவனைக் கூப்பிட்டேன். அவனோ வாலை நிமிர்த்திக்கொண்டு பக்கத்து வீட்டுப் பல்கனி வரைக்கும் போய் மறைந்தான். அந்த வீடு பூட்டிக் கிடந்தது. நான் குடிவருவதற்குக் கொஞ்சக் காலம் முன்னர் அங்கிருந்த வயதான பெண்மணி இறந்துபோனதாகவும், அவருடைய கணவர் லண்டனில் இருக்கும் மகளிடம் போய்விட்டதாகவும் கீழே கேற்றில் காவல் இருக்கும் வாட்சர் சொல்லியிருந்தார். பல்கனியில் வெயிலும் மழையும் படாமல் நீலப் படங்குத்துணி இழுத்துக் கட்டியிருந்தது. உப்புக் காற்றில் அது வெளிறிப்போய், மாலைகளில் ஏதோ மூச்சு விடுவதைப் போல உப்பி உப்பி அடங்கும். ஆளில்லாத வீடுதானே, பூனை அங்கே வெயில் காயட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவனுக்கு ஏதோ நோய் வருத்தம் என்று எனக்கு உணர்த்தியது தண்ணீர்தான். கிண்ணத்துத் தண்ணீர் போதாமல் குளியலறை வாளிக்குள் தலையை விட்டுக் குடிக்கத் தொடங்கினான். நன்றாகச் சாப்பிட்டும் முதுகெலும்பு தெரிந்தது. பிறகு நடை மாறியது. பின்னங்கால்களின் குதி நிலத்தில் பதிய, வயதான ஒருவர் செருப்பை இழுத்துக்கொண்டு நடப்பதைப் போல நடந்தான்.

தெஹிவளைப் பக்கம் ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். சிங்களப் பெண். வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தமிழ் பழகியவர். பூனையின் பெயரைக் கேட்டுச் சிரித்துவிட்டு அன்றிலிருந்து அவனை, சிங்களத்தில் தம்பியைக் குறிக்கும் 'மல்லி' என்றே அழைத்தார்.

"மல்லிக்கு டயபிடீஸ். மனுசருக்கு வாற அதே சீனி வருத்தம்தான். காலையும் பின்னேரமும் இன்சுலின் போடணும். முதல்ல காதில குத்தி சீனி பாக்கணும். ஏலுமா உங்களுக்கு?"

ஏலும் என்றேன். அவர்தான் பழக்கினார். ஈரத்துணியைச் சூடாக்கிக் காதில் ஒற்ற வேண்டும். ஓரத்தில் ஓடும் மெல்லிய நரம்புக்குப் பக்கத்தில் ஊசியால் ஒரு குத்து. கடுகளவு இரத்தம் வரும். மெஷினில் செருகிய பட்டையை அதில் தொட வேண்டும். எண் தெரிந்த பிறகு பிடரித் தோலைக் கூடாரம் போலத் தூக்கி இன்சுலினை ஏற்ற வேண்டும். பூனையை மடியில் இடப்பக்கம் அணைத்துப் பிடிப்பது எனக்குத் தோதாக இருந்ததால் எப்போதும் இடது காதில்தான் குத்துவேன். கொஞ்ச நாளில் அவனும் பழகிக்கொண்டான். துணியைக் கண்டதும் தானாகவே மடிக்கு வருவான்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. நானூறுக்கு மேலே இருந்த எண் மெல்ல இறங்கி இருநூறுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தண்ணீர் குடிப்பது குறைந்தது. பிறகுதான் கூத்துத் தொடங்கியது. காலையில் நூற்று எழுபது இருக்கும், பின்னேரம் நானூற்று அறுபது. அடுத்த நாள் பின்னேரம் நூற்று முப்பது. அதற்கடுத்த நாள் மெஷின் எண்ணே காட்டாமல், அளவுக்கு மேல் என்பதற்கு, 'ஹை' என்று மட்டும் காட்டும். ஒரே மருந்து, ஒரே சாப்பாடு, ஒரே நேரம். மெஷினில் பிழை என்று நினைத்துப் புதுப் பட்டைகள் வாங்கினேன். என் விரலில் குத்திப் பார்த்தேன். எனக்குச் சரியாகவே காட்டியது.

வைத்தியர் மருந்தைக் கொஞ்சம் கூட்டினார். பின்னேர எண்கள் குறையாததால் இன்னும் கொஞ்சம். எண்களைப் போனில் அனுப்பிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அவரிடம் போனபோது கேட்டார்.

"பூனைக்குப் பயம் வந்தாலும் சீனி ஏறும், தெரியுமா? இங்க மேசையில தூக்கி வைச்ச உடனேயே மல்லிக்கு ஏறுது. வீட்டில ஏதாவது அவனைப் பயப்படுத்துதா? நாய்? பெரிய சத்தம்? புது ஆள் ஆராவது?"

"வீட்டில நான் மட்டும்தான் டொக்டர்."

"அப்ப உங்களுக்குத்தான் பயமோ?" என்று பகிடியாகக் கேட்டார். நானும் சிரித்தேன்.

ஆனால் அந்தக் கதை மனதில் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து பின்னேரம் மெஷினில் எழும்பும் எண் எனக்குச் சீனியின் அளவாகத் தெரியவில்லை. பயத்தின் அளவாகத் தெரிந்தது. நூற்று முப்பது என்றால் இன்று ஒன்றும் நடக்கவில்லை. நானூற்று எண்பது என்றால் இன்று எதையோ கண்டிருக்கிறான். எதை? நான் மெதுவாக நடக்கத் தொடங்கினேன். குசினியில் சட்டி வைக்கும் சத்தத்தையும் குறைத்தேன். அவனைக் கவனித்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒழுங்கையில் மீன்காரனின் சத்தமும் ஓய்ந்த நேரத்தில், அவன் நித்திரையிலிருந்து எழும்பி முன்னறைச் சுவருக்கு எதிரே போய் உட்காருவான். பக்கத்து வீட்டுக்கும் எனக்கும் பொதுவான சுவர் அது. அதில் ஒரு நாட்காட்டியைத் தவிர வேறொன்றும் இல்லை. இரண்டு காதையும் முன்னால் நீட்டி, யாரோ கதைப்பதைக் கேட்பவன் போல இருப்பான். பிறகு எழும்பி, அவசரமில்லாமல் பல்கனி விளிம்பில் இறங்கிப் போய்விடுவான்.

ஒருநாள் அவன் போய்க் கொஞ்ச நேரம் இருக்கும். மழை இருட்டு. நான் ஒரு மரணச் சான்றிதழை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அப்பால் ஒரு சத்தம் கேட்டது. மெல்லிய ஒற்றைக் 'கீக்'. சற்றுப் பொறுத்து இன்னொன்று. பிறகு அமைதி.

சீனி பார்க்கும் மெஷினின் சத்தம் அது. பட்டையைச் செருகினால் ஒரு சத்தம். இரத்தத்தைத் தொட்டு, எண் வரும்போது ஒரு சத்தம். எத்தனையோ நாள் காத்துக்காத்துக் கேட்ட சத்தம், எனக்குத் தெரியாதா? என் மெஷின் மேசையில், அதன் பைக்குள், ஸிப் மூடியபடி இருந்தது. எடுத்துப் பார்த்தேன். திரை கறுப்பாக இருந்தது.

கீழே போய் வாட்சரிடம் கேட்டேன். மலைநாட்டுக்காரர், அமைதியான மனிதர்.

"பக்கத்து வீட்டில ஆராவது வந்திருக்கினமோ?"

"இல்லிங்க மிஸ். அங்க யாருமே இல்லிங்களே." என் முகத்தைப் பார்க்காமல் கேற்றுப் பூட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "சாமான் செட்டுத்தான் கெடக்குது."

மழைக்குள் பூனை திரும்பி வந்தபோது துவாயால் துடைத்துவிட்டேன். அப்போதுதான் கண்டேன். வலது காதின் ஓரத்தில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். சில காய்ந்து உதிரும் நிலையில், ஒன்று இன்னும் சிவப்பாக. அந்தக் காதில் நான் ஒருநாளும் குத்தியதில்லை. விளக்குக்குக் கீழே கொண்டுபோய் மீண்டும் பார்த்தேன். நான் குத்தும் அதே இடத்தில், நரம்புக்குப் பக்கத்தில், அதே அளவில். என் கையின் வேலையைக் கண்ணாடியில் பார்ப்பதைப் போல இருந்தது.

பின்னேர எண் நானூற்றுச் சொச்சம். ஊசியைப் போட்டேன். அன்று எல்லா விளக்கையும் எரியவிட்டுக்கொண்டுதான் படுத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் நெற்றியில் திருநீற்றோடு வந்தான். மூன்று விரலால் இழுத்த குறி அல்ல. ஒரு விரலால் தொட்டு வைத்த பொட்டு. அவன் நடந்த இடமெல்லாம் சாம்பிராணி வாசம். மீசை மயிர்கள் எதிலோ தோய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. என் வீட்டில் வாசலுக்கு மேலே குருத்தோலைச் சிலுவை இருக்கிறது, மேசையில் மாதாவின் படம் இருக்கிறது. திருநீறு இல்லை. நான் தரையில் இருந்து அவனையே பார்த்தேன். அவன் என்னைப் பார்த்துக் கண்ணை மெல்ல மூடித் திறந்தான். பயந்த பூனை அப்படிச் செய்யாது. அது எனக்கு அப்போது இன்னும் பெரிய திகிலாக இருந்தது. அவன் எங்கேயோ போய் வருகிறான். அங்கே அவனுக்குப் பயமே இல்லை.

வைத்தியருக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"வேற ஆரோ அவனுக்குச் சாப்பாடு குடுக்குறாங்க. கொஞ்ச நாள் வெளிய விடாதீங்க. அடிக்கடி சீனி பாருங்க. குறைஞ்சால் உடனே எனக்கு எடுங்க."

பல்கனிக் கதவைச் சாத்தினேன். அன்று மதியத்துக்குப் பிறகு தம்பி கதவைப் பிறாண்டிக்கொண்டு கத்தினான். சுவருக்கு எதிரே போய் இருந்தான். திரும்ப வந்து கத்தினான். நான் காதைப் பொத்திக்கொண்டு வேலை செய்ய முயன்றேன். அவன் களைத்து ஓய்ந்தபோது, சுவருக்கு அப்பாலிருந்து விரல் மூட்டால் தட்டுவதைப் போல மெதுவாக ஒரு சத்தம் வந்தது. அதன் பின் ஒரு குரல். ஆண் குரல். நீண்ட நாள் பாவிக்காமல் துருப்பிடித்த குரல்.

"ஏன் வரேல்ல? வாரும்... வாரும்."

பூனையை யாராவது 'வாரும்' என்று கூப்பிடுவார்களா? எங்கள் ஆட்களில் பழைய தலைமுறை ஆண்கள் மனைவியைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். நான் நாற்காலியை விட்டு எழும்பவில்லை. எழும்பினால் சத்தம் கேட்டுவிடும் என்று பயந்தேன். அந்தக் குரல் இன்னும் இரண்டொரு தரம் கூப்பிட்டுவிட்டு நின்றது. போலீசுக்கு எடுப்போமா என்று யோசித்தேன். எடுத்து என்ன சொல்வது? இறந்த வீட்டுச் சுவர் என் பூனையைக் கூப்பிடுகிறது என்றா?

மறுநாள் காலை எண் முந்நூறுக்கு மேல் இருந்தது. கூட்டிய மருந்தை முழுதாகவே போட்டேன். அவனைப் படுக்கையில் விட்டுவிட்டு வேலைக்கு உட்கார்ந்தேன். ஒரு காணி உறுதியின் எல்லைகளில் மூழ்கிப்போனேன். அவன் கத்தவில்லை என்பதே நிம்மதியாக இருந்தது. பின்னேரம் நாலு மணி ரயில் போனபோது தலையை நிமிர்த்திப் பார்த்தால், அவன் முன்னறை நடுவில் நின்றுகொண்டிருந்தான். நின்றான் என்றும் சொல்ல முடியாது. கால்கள் நாலு பக்கமும் விரிந்து, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. வாயிலிருந்து நுரை ஒழுகியது. நான் கிட்டப் போவதற்குள் விழுந்தான். விழுந்து, படுத்தபடியே ஓடுபவனைப் போலக் கால்களை அடித்தான். கண் திறந்திருந்தது. ஆனால் அவன் அதற்குள் இல்லை.

"தம்பி! ஐயோ தம்பி!" என்று கத்தினேன். இனிப்பு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தேனைத் தேடினேன். தேன் இல்லை. அலுமாரியைக் கிளறினால் இனிப்புக் கித்துள் பாணிப் போத்தல் கையில் வந்தது. மூடி திறக்க மறுத்தது. அப்போதுதான் கதவில் தட்டினார்கள். மணி அடிக்காமல், விரல் மூட்டால். சுவரில் கேட்ட அதே தட்டு.

திறந்தேன். வேறென்ன செய்வது? வாசலில் உயரமான ஒரு வயோதிபர் நின்றார். பல நாள் வழிக்காத தாடி, வேட்டி, தோளில் துண்டு, நெற்றியில் திருநீறு. வெயிலே படாத தோல் மெழுகு போல வெளிறியிருந்தது. ஒரு கையில் குளுக்கோஸ் கரைத்த கோப்பை, மறு கையில் என்னுடையதைப் போன்றதொரு மெஷின்.

"பிள்ளை, வழி விடுங்கோ. அவவுக்குச் சீனி இறங்குது. கால் அடிக்கிற சத்தம் கேட்டது. எனக்குத் தெரியும்."

நான் விலகினேன். அவர் தரையில் சப்பணமிட்டு இருந்து, பூனையின் தலையைத் தன் முழங்காலில் சாய்த்து, விரலைக் கோப்பையில் தோய்த்து பல் முரசில் தடவத் தொடங்கினார். தொண்டைக்குள் ஊற்றவில்லை. ஒவ்வொரு துளியாகத் தடவினார்.

"கண்ணைத் திறவும். நான் இஞ்சதான் இருக்கிறன். எங்கையும் போகேல்ல. இஞ்ச பாரும்."

தம்பியோ கடுவன், ஆண் பூனை. அவர் அவனுடைய வலது காதைப் பிடித்து ஒரே குத்தில் இரத்தம் எடுத்தார். மெஷின் கீக்கென்றது. முப்பத்திரண்டு. மீண்டும் தடவினார். மீண்டும் குத்தினார். ஐம்பதைத் தாண்டியபோது கால்கள் அடிப்பது நின்றது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சொரசொரத்த சின்ன நாக்கு வெளியே வந்து அவருடைய விரலை நக்கியது. அவர் சத்தமில்லாமல் அழுதார். தாடிக்குள் கண்ணீர் இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வைத்தியருக்குப் போன் எடுத்தபோது உடனே கொண்டுவரச் சொன்னார். நான் பூனையைத் துவாயில் சுற்றித் தூக்கியபோது, அந்த வயோதிபரும் பின்னால் வந்தார். செருப்புக்கூடப் போடவில்லை. கேற்றடியில் வாட்சர் எழும்பி நின்றார். என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு ஓடிப்போய்த் திரீவீல் ஒன்றை மறித்தார்.

பூனைக்குச் சேலைன் ஏற்றிக்கொண்டிருக்கையில், வெளியே ஆட்கள் காத்திருக்கும் வாங்கில் நானும் அவரும் இருந்தோம். அங்கேதான் கதை முழுவதும் வந்தது.

அவர் லண்டனுக்குப் போகவேயில்லை. மனைவி இறந்த பிறகு துக்கம் விசாரிக்க வருகிறவர்களின் கதையைத் தாங்கமாட்டாமல், போய்விட்டதாகச் சொல்லச் சொல்லி வாட்சரைக் கேட்டிருக்கிறார். மகளுக்கு மட்டும் தெரியும். வீட்டுப் பத்திர அலுவல் முடியட்டும், பிறகு வருகிறேன் என்று மகளுக்குத் தவணை சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பாட்டை வாட்சர் வாங்கிக் கொடுப்பார். விளக்குப் போடுவதில்லை.

"அவவுக்கு முப்பது வருசச் சீனி வருத்தம் பிள்ளை. ஊசியும் நான்தான் போடுறது. ஒருநாள் பின்னேரம் கடையில பாண் வாங்கப் போனனான். வந்து பாத்தா, கதிரையில இருக்கிறா. கண் திறந்திருக்கு. சீனி இறங்கிட்டுது. நான் குளுக்கோஸ் கரைச்சுக்கொண்டு ஓடி வந்தன். வாயில போகேல்ல."

அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"பிறகு கொஞ்ச நாளில இது வந்தது. பல்கனியால வந்து நேரே அவவின்ர கதிரையில ஏறி இருந்தது. பிறகு இறங்கித் தண்ணி குடிச்சுது. நீங்கள் பாக்கோணும் அந்தக் குடியை. அவவும் முதல் முதல் அப்பிடித்தான் குடிச்சவ. நான் மெஷினை எடுத்துக் குத்திப் பாத்தன். நானூற்றி இருபது. அப்ப எனக்கு விளங்கிச்சுது."

"என்ன விளங்கினது?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கேள்வியின் முட்டாள்தனம் எனக்கே தெரிந்தது.

எனக்கு முன்பே அவருக்குத் தம்பியின் வருத்தம் தெரிந்திருக்கிறது. ஒருநாள் படங்குத்துணி இடுக்கால், நான் பல்கனியில் வைத்து அவனுக்கு ஊசி போடுவதைக் கண்டிருக்கிறார். அன்றிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை. ஊசி போட்ட ஆளுக்குப் பின்னேரம் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே தினமும் அவன் வந்ததும் காதில் குத்திப் பார்ப்பார். நூற்றைம்பதுக்குக் கீழே இருந்தால் உடனே இனிப்பான டின்பால் ஒரு சாசர். மேலே இருந்தால் ஒன்றும் கொடுப்பதில்லை. எண்கள் ஏன் அப்படி ஏறி விழுந்தன என்பது எனக்கு அந்த வாங்கில்தான் விளங்கியது. அவர் பால் கொடுக்க, நான் மருந்தைக் கூட்ட, அவர் இன்னும் பயந்து இன்னும் கொடுக்க, நான் இன்னும் கூட்ட. கதவைச் சாத்திய அன்றோடு பால் நின்றது. மருந்து நிற்கவில்லை.

"நான்தான் அவனைக் கொல்லப் பாத்திருக்கிறன்" என்றேன்.

"இல்லை. ரெண்டு பேரும்" என்றார் அவர்.

வைத்தியர் வெளியே வந்து இருவரையும் நிறுத்தி வைத்து ஏசினார். பூனைக்கு நூறு நல்ல எண், பயப்பட வேண்டாம், இனி ஒரு கை மட்டும்தான் ஊசியும் சாப்பாடும் கொடுக்க வேண்டும் என்றார். பெரியவர் சின்னப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

தம்பி பிழைத்தான். மருந்தை நன்றாகக் குறைத்து, முதலிலிருந்து தொடங்கினோம். பல்கனிக் கதவை நான் திரும்பத் திறந்துவிட்டேன். அவனை அங்கே போகாமல் மறிக்க எனக்கு மனம் வரவில்லை. பால் மட்டும் கொடுக்கக்கூடாது என்று கேட்டேன். அவர் ஒரு நிபந்தனை வைத்தார். பின்னேரம் நான் சீனி பார்க்கும்போது அவரும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அப்படியே தினமும் வந்தார். தாடி வழித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வருவார். எண்கள் ஒழுங்குக்கு வந்தன. அவருடைய வீட்டுக்கும் நான் ஒரு தரம் போனேன். எல்லாம் துடைத்து வைத்தபடி இருந்தது. ஜன்னலோரக் கதிரையில் ஒரு சேலை மடிப்பும், அதன் நடுவில் மஞ்சள் மயிர்களும். நான் அங்கே இருக்கவில்லை. சாட்டுச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவரைப் பற்றிய பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அது வேறு மாதிரியாக மாறியது. காதில் குத்துவதற்கு முன்னர் அவர் குனிந்து பூனையிடம் ஏதாவது கேட்பார். முணுமுணுப்பாகத்தான். ஒருநாள் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"மகள் திரும்பவும் போன் எடுத்தவள். என்னை லண்டனுக்கு வரட்டாம். என்ன சொல்லுறீர்?"

எண் இருநூற்று எண்பது. அன்று காலை கீழே யாரோ பட்டாசு கொளுத்தியிருந்தார்கள், தம்பி கட்டிலுக்குக் கீழேயே கிடந்தவன்.

"விருப்பமில்லை" என்றார் அவர், என்னைப் பார்த்து. "கோவம்."

நான் மறுத்துப் பேசவில்லை. அந்த எண்ணைப் பயத்தின் அளவு என்று நம்பிப் நுனிக்காலில் நடந்து திரிந்தவள்தானே நானும். ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் மெஷினில் எண் வரும்வரை, அந்த ஒரு சில நொடிகளில், அறையில் நாங்கள் மூவர்தானா என்று எனக்கு நிச்சயமாக இருக்கவில்லை. தம்பி என் மடியிலிருந்து அவரைப் பார்க்கும் பார்வையும் அப்படி. கொட்டாஞ்சேனையில் மீன் தலைக்காக என் அம்மாவின் காலைச் சுற்றியவனின் பார்வை அல்ல அது.

வைகாசியில் ஒருநாள் அவர் மீண்டும் கேட்டார். இந்த முறை மறைக்காமல், சாதாரணக் குரலில், எனக்குக் கேட்கும்படி.

"போகட்டோ? தனிய இருப்பீரோ?"

நான் குத்தினேன். நூற்றுப் பன்னிரண்டு. அதுவரை அவனுக்கு வந்த எண்களில் அதுதான் ஆகச் சிறந்தது. பெரியவர் மெஷினைத் தன் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். திரை தானாக அணைந்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழும்பி, "சரி" என்றார்.

அந்த மாதமே லண்டனுக்குப் போனார். நானும் வாட்சரும்தான் வாகனத்தில் ஏற்றிவிட்டோம். தம்பியைத் தூக்கவில்லை, தடவவில்லை. என்னோடு இறங்கி வந்து கேற்றடியில் படுத்திருந்தவனைத் தாண்டிப் போய் ஏறினார். எனக்கு அது வியப்பாக இருந்தது. வீட்டைப் பிறகு ஒரு இளம் தம்பதி வாங்கினார்கள். நீலப் படங்கைக் கழற்றி எறிந்துவிட்டுக் கண்ணாடி போட்டார்கள். தம்பி விளிம்பால் போவதை நிறுத்திவிட்டான். சுவருக்கு எதிரே உட்காருவதையும். இப்போது இன்சுலின் மிகக் கொஞ்சம்தான். சில வேளை தேவைப்படாமலே போகலாம், பூனைகளுக்கு அப்படி நடப்பதுண்டு என்கிறார் வைத்தியர்.

பெரியவர் கிழமைக்கு ஒரு தரம் போன் எடுப்பார். என் சுகம் கேட்பார், மழை பற்றிக் கேட்பார். பிறகு கேட்பார்.

"இண்டைக்கு எவ்வளவு?"

நான் சொல்வேன். "நூற்றி இருபது, ஐயா."

"நல்லம்" என்பார். "இஞ்சையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்."

முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை. தனக்குச் சீனி பார்க்கிறார் என்று நினைத்தேன். அந்த வயதில் யாருக்குத்தான் இல்லை? சென்ற மாதம் அவருடைய மகள் போனை வாங்கி எனக்கு நன்றி சொன்னார். அப்பா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார், பின்னேரங்களில் தன் அறையில் தனியே சந்தோசமாக இருக்கிறார் என்றார்.

"அவருக்குச் சீனி எப்படி?" என்று கேட்டேன்.

"அப்பாவுக்கோ? அவருக்குச் சீனி இல்லையே அக்கா. அம்மாவுக்குத்தான் இருந்தது."

"வீட்டில பூனை வளக்கிறீங்களோ?"

"இல்லை. எனக்கு அலர்ஜி. ஏன் கேக்கிறீங்கள்?"

சும்மா கேட்டதாகச் சொன்னேன். மகளும் வேறு கதைக்குப் போய்விட்டார். நேற்றும் பெரியவர் எடுத்தார். எண்ணைக் கேட்டார், நான் சொன்னேன். அங்கே எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.